‘24 கிராம் புரதம்’ என்றார்கள், 8,940 ரூபாய் போனது: டப்பாவைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

எனக்குப் புரோட்டீன் பவுடர் விற்ற செயலிக்காரர்கள் இன்று காலை பதினொன்றே காலுக்கு என் புகாரை நான்காவது முறையாக ‘தீர்வு காணப்பட்டது’ என்று மூடிவிட்டார்கள். என்ன தீர்வு, யாருக்குத் தீர்வு என்று ஒரு சொல் இல்லை. போன பணம் 8,940 ரூபாய். அது திரும்பும் என்ற நம்பிக்கை எனக்குப் பாதிதான் இருக்கிறது. அடுத்த வீட்டுப் பணமாவது மிஞ்சட்டும் என்று சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். புரோட்டீன் பவுடரை எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நான் கும்பகோணத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். இருபத்தாறு வருடமாக ஊரார் வட்டியைப் பைசா பிசகாமல் போட்டுக் கொடுக்கிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும்.

மார்கழிக் கடைசியில் அம்மா கொல்லையில் துவைக்கிற கல்லருகே வழுக்கி விழுந்தார். எழுபத்தொரு வயது. இடுப்பெலும்பு முறிவு. தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்து பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் மாத்திரைச் சீட்டை மடித்துக்கொண்டே, “புரதம் நன்றாகச் சேருங்கள், தசை கரைந்துவிடும்” என்றார். அவ்வளவுதான். எவ்வளவு, எந்த வடிவில் என்று நானும் கேட்கவில்லை. வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள்.

அம்மா சுத்த சைவம். முட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. கீழ்வரிசைப் பல் நான்கு இல்லை, சுண்டலை மெல்ல முடியாது. பருப்பைக் குழைத்துக் கொடுத்தால் மூன்றாவது வாய்க்குப் பிறகு தட்டைத் தள்ளிவிடுவார். பொடியாக இருந்தால் பாலில் கலந்து குடித்துவிடுவாரே என்று தோன்றியது. இதில் தவறு ஒன்றும் இல்லை, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். யாரிடம் கேட்டேன் என்பதில்தான் கோட்டை விட்டேன்.

கைப்பேசியில் ஒரு செயலி. வீட்டில் இருந்தபடியே ஊட்டச்சத்து ஆலோசனை, அதற்குப் பொருத்தமான பொடிகளையும் அவர்களே அனுப்புவார்கள். இந்த வகைச் செயலிகள் இப்போது நிறைய இருக்கின்றன, பெயர் சொல்லப்போவதில்லை. ‘உங்கள் தேவைக்கேற்ற புரதம்’ என்று போட்டிருந்தார்கள். எண்ணைக் கொடுத்த பத்தாவது நிமிடத்தில் ஒரு பெண் அழைத்தார்.

அந்த அழைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் நான் ஏமாந்தது பொடியில் இல்லை, அந்தக் குரலில். இரவு ஒன்பது மணி இருக்கும். அம்மாவுக்கு மருந்து கொடுத்துவிட்டுத் திண்ணையில் வந்து அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். “அக்கா, நீங்கள் சாப்பிட்டீர்களா?” என்றுதான் அந்தப் பெண் ஆரம்பித்தார். மூன்று வாரமாக என்னை யாரும் அப்படிக் கேட்டிருக்கவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் அம்மாவைப் பார்க்கிறார்கள், ஆர்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வைத்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் பெண், அம்மா இரவில் தூங்குகிறாரா, முதுகில் புண் ஏதும் வந்திருக்கிறதா, திருப்பிப் படுக்க வைக்க எனக்குத் துணை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். “என் பாட்டியும் இப்படித்தான் அக்கா, குளியலறையில் விழுந்து ஆறு மாதம் எழுந்திருக்கவே இல்லை. அப்போது எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை” என்றார். குரல் கம்மியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பத்திரண்டு நிமிடம் பேசினோம்.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று நானே சொன்னேன். “கவலையே வேண்டாம் அக்கா. இதில் சர்க்கரை சேர்ப்பதே இல்லை, டப்பாவிலேயே போட்டிருக்கும்” என்றார். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு வேளைக்கு 24 கிராம் புரதம், காலையும் மாலையும், மூன்று மாதத்துக்கு ஆறு டப்பா, தள்ளுபடி போக 8,940 ரூபாய், தள்ளுபடி நள்ளிரவு வரைக்கும்தான். அந்தக் கடைசி வரியிலாவது நான் விழித்திருக்க வேண்டாமா? அழைப்பில் இருந்தபடியே பணத்தை அனுப்பினேன்.

புதன்கிழமை பெட்டி வந்தது. பளபளவென்று ஆறு டப்பா, ஒவ்வொன்றும் அரைக் கிலோ. முன்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ‘24 கிராம்’. மேலே பச்சை எழுத்தில் ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’. அம்மாவுக்குச் சுவை பிடித்துப் போனது. “பாதாம்பால் மாதிரி இருக்கிறது” என்றார். தட்டைத் தள்ளுகிறவர் டம்ளரைத் துடைத்து வைக்கிற மாதிரி குடித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டு மாமியிடம் போய் அந்தச் செயலியைப் புகழ்ந்துவிட்டு வேறு வந்தேன். அந்தப் பாவத்தையும் இங்கேயே கழித்துவிடுகிறேன்.

ஐந்தாம் நாள் முதல் டப்பாவின் அடியில் கரண்டி தட்டியது. ஆறு டப்பா மூன்று மாதம் வர வேண்டுமானால் ஒரு டப்பா பதினைந்து நாள் வர வேண்டும். நான் கணக்கு எழுதுகிறவள்! ‘கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது’ என்று நினைத்துக்கொண்டு இரண்டாவது டப்பாவை உடைத்தேன்.

ஏழாம் நாளிலிருந்து அம்மா இரவில் மூன்று முறை, நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்தார். அவருக்கு எழுந்து போவது என்பது சாதாரணக் காரியம் இல்லை. விளக்கைப் போட்டு, வாக்கரை முன்னால் வைத்து, என் தோளைப் பிடித்து எழுந்து, கழிவறை வரைக்கும் பதினெட்டு அடி. வாக்கரின் ரப்பர்க் கால் சிமென்ட் தரையில் இழுபடுகிற சத்தம் எனக்கு இப்போது தூக்கத்திலும் கேட்கிறது. குளிர்காலம், நிறையப் பால் குடிக்கிறார், அதனால்தான் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். பத்தாம் நாள் வாய் உலர்கிறது, கால் எரிகிறது என்றார். காலையில் வெறும் வயிற்றில் சோதித்துப் பார்த்தால் சர்க்கரை 212. மருத்துவமனையிலிருந்து வரும்போது 128 இருந்தது. அன்று சாப்பிட்ட பிறகு பார்த்தபோது 310.

உடனே வண்டி வைத்துத் தஞ்சாவூருக்கு ஓடினோம். “புதிதாக என்ன கொடுக்கிறீர்கள்?” என்று மருத்துவர் கேட்டதும் பையிலிருந்து டப்பாவைப் பெருமையாக எடுத்து நீட்டினேன். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராகத் திருப்பினார். உட்பொருள் பட்டியலில் முதல் சொல்லின் கீழே கட்டைவிரல் நகத்தை வைத்து என் பக்கம் காட்டினார். மால்டோடெக்ஸ்ட்ரின்.

“இது என்ன டாக்டர்?”

“மக்காச்சோளம் மாதிரியான மாவை உடைத்துச் செய்வது அம்மா. லேபிள் கணக்கில் இதற்குச் சர்க்கரை என்று பெயர் இல்லை. ரத்தத்தில் போய் ஏறக்குறைய குளுக்கோஸ் வேலையைத்தான் செய்யும்.”

உட்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில்தான் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. அப்படியானால் நான் வாங்கிய ‘புரோட்டீன் பவுடரில்’ மற்ற எதையும்விட அதிகமாக இருந்தது மாவு. இரண்டாவது, கொழுப்பு நீக்கிய பால்பொருள். மூன்றாவது சோயா. முன்பக்கத்தில் படம் போட்டுக் கொண்டாடியிருந்த வே புரதம் (பால் திரிந்தபின் வடிகிற தெளிநீரிலிருந்து எடுப்பது) நான்காவதாக, ஒரு சிட்டிகையாக, மூலையில் உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, பேரேட்டைத் தணிக்கை செய்கிற மாதிரி அந்த டப்பாவைத் தணிக்கை செய்தேன். 100 கிராம் பொடியில் புரதம் 32 கிராம், மாவுச்சத்து 54 கிராம். ஒரு கரண்டி 25 கிராம், ஆக ஒரு கரண்டியில் புரதம் 8 கிராம். அப்படியானால் முன்பக்கத்து 24 எங்கிருந்து வந்தது? அந்த எண்ணின் தலைக்கு மேல் கொசு அளவுக்கு ஒரு நட்சத்திரக் குறி. அதற்கு விளக்கம் டப்பாவின் அடிவிளிம்பில், மடிப்புக்குப் பக்கத்தில்: ‘இரண்டு கரண்டியை 250 மில்லி பாலில் கலந்து பருகும்போது’. இரண்டு கரண்டியில் 16 கிராம். மீதி 8 கிராம்? அது என் பால். எங்கள் பால்காரர் ஊற்றி, நான் காசு கொடுத்து வாங்கி, நான் காய்ச்சிய பால். கால் லிட்டர் பாலில் சுமார் 8 கிராம் புரதம் இயல்பாகவே இருக்கிறது. என் வீட்டுப் பாலை அவர்கள் கணக்கில் வரவு வைத்து, அதை எனக்கே விற்றிருக்கிறார்கள்.

எனக்கு அதுவரை இருந்தது வருத்தம். அந்தக் கூட்டலைப் போட்டு முடித்த பிறகுதான் கோபம் வந்தது.

மேலும் போட்டேன். வேளைக்கு இரண்டு கரண்டி, நாளைக்கு இரண்டு வேளை என்றால் 100 கிராம். ஆறு டப்பா மூன்று கிலோ, அது முப்பது நாளில் தீர்ந்துவிடும். மூன்று மாதம் என்பது சுத்தப் பொய். ஒவ்வொரு வேளையும் பொடியில் மட்டும் 27 கிராம் மாவுச்சத்து. இரண்டு இட்லியைக் கரைத்துக் குடிக்க வைத்ததற்குச் சமம், அதுவும் சாப்பாட்டுக்கு மேலதிகமாக. மூன்று கிலோவிலும் சேர்த்து இருக்கிற புரதம் 960 கிராம். 8,940 ரூபாயை அதால் வகுத்தால் ஒரு கிராம் புரதம் 9 ரூபாய் 31 காசு. பாசிப்பயறு கிலோ நூற்றைம்பது ரூபாய் என்றே வைத்தாலும் அதில் ஒரு கிராம் புரதம் அறுபத்து மூன்று காசுதான் வருகிறது. பயறிலும் மாவுச்சத்து உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நாரும் உண்டு, அது தன்னைப் புரோட்டீன் பவுடர் என்று சொல்லிக்கொள்வதும் இல்லை. சாதாரணமாகக் கிடைக்கிற கொழுப்பு நீக்கிய பால்பவுடரில்கூட 100 கிராமுக்கு 35 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. இவர்களுடைய 32ஐவிட அது கூடுதல்.

இனிமேல் நடந்தது இன்னும் கேவலம்.

அழைப்பு மையத்துக்குப் பேசினேன். பழைய குரல் இல்லை, வேறொரு பெண். புகார் என்று சொல்லி முடிப்பதற்குள், “புரிகிறது அக்கா. என் பாட்டியும் இப்படித்தான், குளியலறையில் விழுந்து ஆறு மாதம் எழுந்திருக்கவே இல்லை” என்று ஆரம்பித்தார். அதே சொற்கள். அதே இடத்தில் அதே கம்மல். என் கையில் தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் நானும் அப்படிப் படித்திருப்பேன். அன்று இரவு திண்ணையில் உட்கார்ந்து நான் சிந்திய கண்ணீரை நினைத்தால் இப்போதும் உடம்பெல்லாம் கூசுகிறது. 8,940 ரூபாயைக்கூட மன்னித்துவிடுவேன், அந்தப் பாட்டியை மன்னிக்க மாட்டேன்.

பிறகு, டப்பாவைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். பொடியை வெள்ளைத் தாளில் கொட்டிக் காணொளி எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அதையும் செய்தேன். வீட்டுக் கருவியில் பார்த்த சர்க்கரை அளவு செல்லாது, ஆய்வகச் சான்று வேண்டும் என்றார்கள். நடக்க முடியாத அம்மாவின் ரத்தத்தை வீட்டுக்கு ஆள் வரவழைத்து எடுத்து, சான்று வாங்கி அனுப்பினேன். அதற்குள் ‘பொருள் கைக்கு வந்து ஏழு நாளுக்கு மேல் ஆகிவிட்டது’ என்று பதில் வந்தது. திறக்காத நான்கு டப்பாவையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ‘பேக்கேஜ் என்பது ஒரே பொருள், அதில் ஒன்றைத் திறந்தாலும் முழுவதும் திறந்ததாகவே கருதப்படும்’ என்றார்கள். சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தால் வெற்றிலைக் கட்டு முழுவதும் மென்றதாகக் கணக்காம். மேலாளரிடம் பேச வேண்டும் என்றேன். மேலாளர் எப்போதும் கூட்டத்தில் இருக்கிறார். ஐந்து நாளாக ஒரே கூட்டம். ஒரு தடவை மட்டும் ஓர் ஆண் குரல் வந்து, “மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும் என்று டப்பாவில் போட்டிருக்கிறதே மேடம்” என்றது. தேடிப் பார்த்தேன். போட்டுத்தான் இருக்கிறது, அந்த நட்சத்திரக் குறியின் விளக்கத்துக்கும் கீழே. அன்று இரவு நாற்பத்திரண்டு நிமிடத்தில் அதைச் சொல்ல ஒரு நிமிடம் கிடைக்கவில்லை போலும்.

இறுதியில் பெரிய மனது வைத்து, அடுத்த கொள்முதலில் 500 ரூபாய் கழிவு தருவதாகச் சொன்னார்கள். 8,940க்கு 500, அதுவும் மறுபடியும் அவர்களிடமே வாங்கினால். கூடவே, ‘எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’ என்று ஒரு செய்தி. நட்சத்திரத்தின் மேல் இவர்களுக்கு என்னதான் மோகமோ.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மருத்துவர் அன்றைக்கே சிறுநீரகத்துக்கும் ரத்தம் பார்த்தார். சிறுநீரகம் கழிவை எப்படி வெளியேற்றுகிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் 1.6, இயல்பைவிடக் கூடுதல். அவர் விளக்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. பெரியவர் ஒருவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. அம்மா 52 கிலோ, ஆக 43 கிராம். வயதானவர்களுக்கும் அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கும் அதைவிடக் கொஞ்சம் கூட்டச் சொல்வார்கள். சிறுநீரகம் தளர்ந்து, டயாலிசிஸ் வரைக்கும் போகாதவர்களுக்குக் குறைக்கச் சொல்வார்கள். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு மறுபடியும் கூட்ட வேண்டும். அம்மாவுக்கு எலும்பு ஒரு பக்கம் இழுக்கிறது, சிறுநீரகம் மறுபக்கம் இழுக்கிறது. எந்த அளவில் நிறுத்துவது என்பது ரத்தச் சோதனையைப் பார்த்து மருத்துவர் போட வேண்டிய கணக்கு. அதைத்தான் ஒரு தாளைப் பார்த்து வாசிக்கிற பெண்ணிடம் கொண்டு போய்க் கொடுத்தேன்.

இப்போது சர்க்கரை மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். பொடியை நிறுத்திய ஆறாம் நாள் வெறும் வயிற்றில் 146. இரவில் ஒரு முறைதான் எழுந்திருக்கிறார். பனீரை உதிர்த்துக் கொடுக்கிறேன், முளைகட்டிய பாசிப்பயறை வேகவைத்து அரைத்துத் தோசையாக வார்க்கிறேன், மதியம் கெட்டித் தயிர். “அந்தப் பாதாம்பால் இல்லையா?” என்று அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டார். தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். நான்கு டப்பா அவர் கட்டிலுக்கு அடியிலேயேதான் இருக்கிறது. திறந்து வைத்த இரண்டாவது டப்பாவைச் சுற்றி நேற்று எறும்பு வரிசை போட்டிருந்தது. ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்பதை எறும்புகளிடம் யாராவது சொன்னால் தேவலை.

பொடி வாங்குவதைப் பற்றி விவரமாகச் சொல்வதாக ஆரம்பத்தில் எழுதினேன். எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது, அம்மாவுக்கு மருந்து கொடுக்கிற நேரமும் நெருங்குகிறது. அவசரமாகச் சொல்கிறேன், பிடித்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். பின்பக்கத்தில் 100 கிராமுக்குப் புரதம் எவ்வளவு என்று பாருங்கள். வே கான்சன்ட்ரேட் (ஓரளவு பிரித்தெடுத்த வே புரதம்) என்றால் பெரும்பாலும் எழுபதிலிருந்து எண்பது இருக்கும், ஐசோலேட் (இன்னும் சுத்தமாகப் பிரித்தது) என்றால் தொண்ணூறை ஒட்டி இருக்கும். முப்பது, முப்பத்தைந்து என்றால் அது சத்துமாவு, சத்துமாவு விலைதான் கொடுக்க வேண்டும். பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்புகிறவர்கள் கான்சன்ட்ரேட் பக்கம் போக வேண்டாம், அதில் லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரை கூடுதல். முதல் உட்பொருள் மால்டோடெக்ஸ்ட்ரின் என்றால், வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இருந்தால் அது எங்கே விளக்கப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். முதலில் ஒரே ஒரு டப்பா வாங்குங்கள். சிறுநீரகச் சோதனை இல்லாமல் முதியவர்களுக்கு வாங்கவே வாங்காதீர்கள்.

லேபிளில் போட்டிருப்பது முழுக்க உண்மை என்றும் நம்ப வேண்டாம். கேரள மருத்துவர்கள் நம் நாட்டில் விற்கிற 36 புரதப் பொடிகளைச் சோதித்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 70 விழுக்காட்டில் புரத அளவு சொன்னபடி இல்லை. தங்கை மகன் அதை எனக்கு அனுப்பி வைத்தான், எல்லாம் முடிந்த பிறகு. அந்தக் கணக்கில் பார்த்தால் என் டப்பாவில் போட்டிருந்த அந்த 32 கிராமாவது உண்மையா என்றே தெரியவில்லை.

ஏமாந்துவிட்டால் 1915க்கு அழையுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். இணையவழி விற்பனையாளர்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு விதி இருக்கிறது. அதைச் சொல்லிப் பேசினால் குரல் கொஞ்சம் மாறுகிறது, நானே பார்த்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நாம் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் கட்டணம் இல்லை, நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனுப் போடலாம். நான் போடப்போகிறேன். 8,940 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று வீட்டில் கேட்கிறார்கள். அலைவேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கைப்பேசியில் ஒரு செய்தி வந்து விழுந்தது. ‘வணக்கம் அக்கா, அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள்? இரண்டாவது பேக்கேஜுக்கு இன்று நள்ளிரவு வரை தள்ளுபடி.’ அதையும் படம் பிடித்துப் புகாரோடு சேர்த்துவிட்டேன்.